ஏலக்கூடத்துத் தரையில் ஒரு முகம்

மூக்கப் பொத்தாதீங்க தங்கச்சி, பையில மீன் இல்ல. கோலப்பொடி. வேணும்னா தொட்டுப் பாருங்க. எங்க ஊர்ப் பொம்பளைங்க பஸ்ஸுல ஏறினாலே பக்கத்துல இருக்கறவங்க சேலைத் தலப்பத் தேடுவாங்க, எனக்குப் பழகிப்போச்சு. நான் மீன் கூடையத் தொட்டு எத்தனையோ வருசம் ஆச்சு. நல்லா சாஞ்சி உக்காருங்க. திருச்சியிலேருந்தே வர்றீங்களா? வேளாங்கண்ணிக்கா? அதான பாத்தேன். இன்னைக்குக் கிறிஸ்மஸ்ல, இந்த வண்டியில பாதி சனம் அங்கதான் போவும். வீட்டுக்காரரு முன்னால உக்காந்திருக்காரா? சரி சரி, இந்தக் கூட்டத்துல எடம் கெடச்சதே பெருசு.

அன்னைக்கும் இப்புடித்தான் கூட்டம். கோயிலுக்கு வந்துட்டு, மறுநா காலையில கடலப் பாத்துட்டு ஊருக்குக் கெளம்பலாம்னு கரையில நின்ன சனம். எந்த ஊரோ, யாரு பெத்த புள்ளைங்களோ. உங்களப் பயமுறுத்தச் சொல்லல தங்கச்சி. நீங்க தைரியமா போங்க. கடல் தெனமும் அப்புடி வராது.

என் பேரு பூங்காவனம். நாகப்பட்டினத்துக்குத் தெக்கால, கடலோரம். டிவி பாப்பீங்களா? பாத்திருந்தா என்னையத் தெரிஞ்சிருக்கணுமே. டிசம்பர் இருவத்தாறு, சுனாமி நினைவுநாளுன்னு வருசா வருசம் சனங்க கடல்ல பால் ஊத்துறதக் காட்டுவான்ல? அதுக்கு முன்னால ஒரு மொகம் காட்டுவான். சிமெண்டுத் தரையில கோலப்பொடியிலேயே போட்ட மொகம், ஒரு வலைய விரிச்ச அகலத்துக்கு. அது நான் போடுறது. எம் மவ தேன்மொழி. எட்டு வயசுல தண்ணி கொண்டுட்டுப் போச்சு.

'ஐயோ பாவம்'னு சொல்லாதீங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிப்போச்சு. மொகம் அச்சு அசலா இருக்குன்னு சொல்லுங்க, அத வேணா எத்தனை தடவ வேணும்னாலும் கேட்டுக்குறேன்.

எப்புடிப் போனா, எந்தக் கை நழுவிச்சு, அதெல்லாம் கேக்காதீங்க. மைக்கத் தூக்கிட்டு வந்த அத்தன பேரும் கேட்டுட்டானுவ, ஒருத்தன்கிட்டயும் சொல்லல. எங்க வூட்டுக்காரரு ரெத்தினவேலுதான் ஆஸ்பத்திரிக்கு எதுக்கால பொணங்களக் கெடத்தியிருந்த எடத்துல போயி அவளக் கண்டுபுடிச்சாரு. என்னை விடல. நீ பாக்க வேணாம்னுட்டாரு. மிசினு வச்சித் தோண்டின குழியில எல்லாரோடயும் சேத்துப் போட்டாச்சு. நான் பாக்கல. கடைசியா ஒரு தடவ மொகத்தப் பாக்க விடாத மனுசன்கூடத்தான் இன்னமும் குடும்பம் நடத்துறேன். நல்ல மனுசன்தான், கொறை சொல்லக்கூடாது. ஆனா அத நான் மன்னிக்கல.

வூட்டுல ஒரு போட்டோ மிஞ்சல. மூணு போட்டோ இருந்திச்சு, செவுத்தோட போச்சு. பள்ளிக்கூடத்துல ஒண்ணு இருக்கும்னு போனேன், பள்ளிக்கூடத்துலயும் தண்ணி பூந்திருந்திச்சு. பக்கத்து வூட்டுக் கல்யாண ஆல்பத்துல எங்கயாச்சும் நிப்பாளேன்னு தேடினேன், அந்த வூடே இல்ல. மொத வருச நினைவுநாளுக்குப் பஞ்சாயத்துல தட்டி வச்சாங்க. அவங்கவங்க புள்ள படத்த ஒட்டியிருந்தாங்க. எம் புள்ளைக்கு மட்டும் வெறும் பேரு. நான் நின்னு பாத்தேன். பொறுக்கல தங்கச்சி. மார்கழி மாசம் கோலம் போட வாங்கி வச்ச பொடி யாரு வூட்டுலயோ கெடந்திச்சு, அள்ளிக்கிட்டு வந்து மீன் ஏலம் விடுற கூடத்துத் தரையில மொகத்தப் போட்டேன்.

மணல்ல பொடி நிக்காது, உள்ள எறங்கிடும். அதான் ஏலக்கூடம். மொத நா சாயங்காலமே செதிலு போவத் தேச்சிக் கழுவி விட்டுடுவேன். தோலு நெறத்துக்குச் செங்கப்பொடியோட மஞ்சப்பொடி, கொஞ்சமா வெள்ளை. கடையில விக்கிற ரோசு கலர் போட்டா சினிமாக்காரி மாதிரி ஆயிடும், போட மாட்டேன். தலைமுடிக்கு அடுப்புக்கரிதான். கண்ணு மட்டும் கடைசியில. கண்ணு வச்சவுடனே கூடமே சும்மா கெடக்கும், சின்னப் புள்ளைங்க கூட அழாது. கீழ கட்டம் கட்டி எழுதுவேன், தேன்மொழி, தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி. எல்லாரும் வந்து பூ வப்பாங்க. அலை வந்த நேரத்துக்குச் சங்கு ஊதுவாங்க. அப்ப குடம் குடமா பால் கொண்டாந்து மொகத்து மேல ஊத்துவோம். கரி கரைஞ்சி கண்ணுலேருந்து வழிஞ்சி ஓடும் பாருங்க, அழுவுற மாதிரியே இருக்கும். கேமராக்காரனுவ அதுக்குத்தான் காத்துக் கெடப்பானுவ.

மொத வருசம் மனசுலேருந்தே போட்டுட்டேன். ரெண்டாவது வருசம் மூக்கு வரல. எத்தனை தடவ போட்டு அழிச்சாலும் யாரோ ஒரு புள்ள மூக்கு வருது. அந்த நேரத்துலதான் ரெண்டாவது தேன்மொழி தொட்டில்ல கெடந்தா.

ஆமா, அதே பேருதான். வேற என்ன பேரு வப்பேன்? மொதப் பிரசவமே எனக்கு உசுரு போயி உசுரு வந்திச்சு. அப்பவே கருத்தடை பண்ணி அனுப்பிட்டாங்க. சுனாமிக்கப்புறம் அறுத்தத ஒட்டி விடுறாங்கன்னு கேள்விப்பட்டு நானே ஓடினேன். டாக்டரம்மா சொன்னாங்க, 'வேணாம்மா, உன் ஒடம்பு தாங்காது, ஒரு புள்ளைய எடுத்து வளத்துக்கோ'ன்னாங்க. யாரு கேக்குறா. பொம்பளப் புள்ளதான் பொறக்கும்னு எனக்குத் தெரியும். பொறந்திச்சு. பாத்தவுடனே சொல்லிட்டேன், 'வந்துட்டா'ன்னு. எங்க வூட்டுக்காரரு மட்டும் 'இது வேற புள்ள பூங்காவனம்'னாரு. ஆம்பளைக்கு என்ன தெரியும்?

அந்த வருசத்துலேருந்து இவதான் எனக்கு மொகம் காட்டுறது. தொட்டில் புள்ளையா இருக்கறப்ப கண்ண மட்டும் பாத்துப் போட்டேன். தவழுறப்ப காது. வளர வளர ஒவ்வொண்ணாப் பொருந்தி வந்திச்சு. இவளுக்கு எட்டு வயசு ஆனப்ப முழு மொகமும் அப்புடியே இருந்திச்சு, ஊரே மூச்ச விடல. அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு எல்லாரும் கேட்டாங்க. ஏன், வளரட்டுமேன்னேன். இவ வளர வளர அவளும் வளந்தா. செத்த புள்ளைய யாராவது வளத்திருக்காங்களா? நான் வளத்தேன். போன வருசம் தாவணி கூடப் போட்டுவிட்டேன், கோலத்துலதான்.

எதுக்க உக்கார வச்சிப் பாத்துத்தான் போடணும். காலையிலேருந்து அசையாம உக்காருவா. நல்ல புள்ள, பாவம், மூத்திரம் வந்தாக்கூடச் சொல்லாது. ஒரு தடவ, ரெண்டாப்பு படிக்கிறப்பன்னு நெனைக்கிறேன், புதுசா படிக்க வந்திருக்குல, கீழ எழுதியிருக்கறத எழுத்துக்கூட்டிப் படிச்சா. 'தே-ன்-மொ-ழி. ம-றை-வு.' படிச்சிட்டு எங்களப் பாத்து, 'நான் எப்ப செத்தேன்?'னு கேட்டா. நாங்க எல்லாரும் சிரிச்சிட்டோம். அந்தத் துக்கத்துலயும் சிரிப்ப அடக்க முடியல. இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது.

நீங்க சிரிக்கல? நேர்ல கேட்டிருக்கணும்.

சொன்னாக் கேளுங்க, அவளுக்கு நான் ஒரு கொறை வச்சதில்ல. துணி, காதுக்கு, காலுக்கு, எல்லாம். பொறந்தநாளுக்குக் கேக்கு வெட்டாம இருந்ததில்ல. மூத்தவ பொறந்தநாளுக்குத்தான் வெட்டுவோம், ஒரே பேருக்கு எதுக்கு ரெண்டு பொறந்தநாளு? போன தடவ கடைக்காரன்கிட்ட இருவத்தெட்டுன்னு எழுதச் சொன்னேன். மூத்தவ இருந்திருந்தா அந்த வயசுதான? இவளுக்கு வந்திச்சே கோவம். கத்திய வச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டா. கேக்க நானும் அவருமா தின்னு தீத்தோம்.

அதுலேருந்து ஆரம்பிச்சிச்சு. 'இந்த வருசம் நான் உக்கார மாட்டேன்'னுட்டா. ஏன்டின்னு கேட்டா சொல்றா, 'அது அக்கா மொகம் இல்லம்மா, என் மொகம். வருசா வருசம் என் மொகத்துக்குப் பூ வச்சி, என் மொகத்துல பால ஊத்துறீங்க. என் கண்ணு கரையிறத நானே நின்னு பாக்கணுமா?' கேட்டீங்களா பேச்ச? பதினெட்டு வயசுல பேசுற பேச்சா இது? எவளோ சொல்லிக் குடுத்திருக்கா. கேட்ட கையோட விட்டேன் ஒண்ணு. ஒரு வாரத்துல துணிமணிய எடுத்துக்கிட்டு திருப்பூருக்குப் போயிட்டா, பனியன் கம்பெனிக்கு. எங்க வூட்டுக்காரருதான் பஸ் ஏத்தி விட்டிருக்காரு, எனக்குத் தெரியாம.

போறவ சும்மா போகல. வூட்டுல இருந்த அவ படம் ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவுல கூட அவ தலைய மட்டும் வெட்டி எடுத்திருக்கா, பாத்துக்குங்க. நீங்க கேப்பீங்க, பழைய கோலத்துப் படம் பேப்பர்ல வந்திருக்குமே, அதப் பாத்துப் போட்டா என்னன்னு. அது போன வருசத்து மொகம்ல தங்கச்சி. புள்ள வளர வேணாமா? இருவதாவது வருசம் இது. கலெக்டர்லாம் வர்றாங்க. வெளிநாட்டு டிவி வருதாம். பழைய மொகத்தப் போட்டு வச்சா மூத்தவ என்ன நெனப்பா?

அதான் நேரா திருப்பூருக்கே போயிட்டேன். நேத்து. ஹாஸ்டல் வாசல்ல வாட்ச்மேன்கிட்ட தேன்மொழியப் பாக்கணும்னேன். உள்ள போயி கேட்டுட்டு வந்து அப்புடி யாரும் இல்லங்கிறான். வார்டன் வந்து ரிஜிஸ்டரப் பாத்துட்டுத்தான், 'ஓ, சுபாவா'ங்கிது. சுபாவாம்! அந்த ரூம்புல இருக்கறதுவ எல்லாம் அப்புடித்தான் கூப்புடுதுவ. யாரு வச்சது? இவளே வச்சிக்கிட்டாளாம். இருக்கற பேரு என்ன கெட்டுப்போச்சு? அந்தப் பேரச் சொல்லி எத்தனை சனம் அழுதிருக்கு!

வந்தா. முடியக் கழுத்து வரைக்கும் வெட்டியிருக்கா. கொஞ்சம் சதை போட்டிருந்தா, கன்னம் வந்திருந்திச்சு. நான் அப்பவே மனசுல கணக்குப் போட்டேன், கன்னத்துக்குச் செங்கப்பொடி கொஞ்சம் கூடுதலா வேணும்னு. 'வாம்மா, டீ சாப்புடலாம்'னு கூட்டிக்கிட்டுப் போனா. எதுக்க எதுக்க உக்காந்தோம். கோவமா இல்ல, அதான் ஆச்சரியம். பன்னப் பிச்சி என் பக்கம் தள்ளி வச்சா. நான் சொன்னேன், 'காலையில உக்காந்துட்டு, சங்கு ஊதுறதுக்கு முன்னாலேயே கெளம்பிடு, பால் ஊத்துறதப் பாக்க வேணாம்'னு. எறங்கித்தான் வந்தேன் தங்கச்சி, நான் ஒண்ணும் கல்லு இல்ல.

டம்ளரக் கீழ வச்சா. 'வர்றேம்மா'ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. 'ஆனா ஒண்ணு சொல்லு, சரியா சொன்னா வர்றேன். அக்காவுக்கு மச்சம் எங்க இருந்திச்சு?'ன்னு கேட்டா.

இது ஒரு கேள்வியா? பெத்தவகிட்ட கேக்குற கேள்வியா? 'எடது கன்னத்துல, மூக்குக்குப் பக்கத்துல'ன்னேன். யோசிக்கக்கூட இல்ல. வருசா வருசம் வெரல் நுனியில கரி எடுத்து வைக்கிற மச்சம், எனக்குத் தெரியாதா?

அவ கையத் தூக்கி அவ எடது கன்னத்தத் தொட்டா. 'இது என்னுதும்மா. அக்காவுக்கு மச்சமே கெடையாது. அக்காவத் தேடிப் போன அன்னைக்கு ஆபீசரு மச்சம், தழும்பு ஏதாச்சும் சொல்லுன்னு அப்பாகிட்ட கேட்டாராம். ஒண்ணும் இல்ல சார், எம் புள்ளைக்கு ஒண்ணுமே இல்ல சார்னு அப்பா அழுதாராம். பாவாடையப் பாத்துத்தான் எடுத்தாராம். அப்பா சொன்னாரு'ன்னா.

அவருக்கு என்ன தெரியும்? பாதி நாளு கடல்ல கெடந்த மனுசன். எண்ணெ வச்சது நானு, தலை சீவினது நானு, குளுப்பாட்டினது நானு. மச்சம் இருந்திச்சு. இருந்திச்சுன்னா இருந்திச்சு. எனக்கு ஆத்திரம் தாங்கல. வாயில வந்தது வந்துடுச்சு, 'உன்ன எதுக்குடி உசுரக் குடுத்துப் பெத்தேன்னு நெனைக்கிற?'

'தெரியும்மா. அதான் இங்க வந்துட்டேன்'னா.

அவ்வளவுதான். அழுதா, கண்ணத் தொடச்சிக்கிட்டா, ஹாஸ்டல் கேட்டுக்குள்ள போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. திரும்பியிருந்தா அந்தக் கண்ணையாச்சும் மனசுல வாங்கிக்கிட்டு வந்திருப்பேன். இப்ப வெறுங்கையோட போறேன். பொடி மட்டும் நெறைய வாங்கிட்டேன், பாருங்க.

தஞ்சாவூரா இது? வண்டி கொஞ்ச நேரம் நிக்கும். எறங்குறதுன்னா எறங்கி காலு நீட்டிட்டு வாங்க, நான் சீட்டப் பாத்துக்குறேன்.

வந்துட்டீங்களா. யாரு இது? உங்க பொண்ணா? அப்பா மடியில தூங்கிக்கிட்டு வந்துச்சா, அதான் நான் பாக்கல. வா கண்ணு, நடுவுல உக்காரு, எடம் இருக்கு. கூச்சப்படுது பாருங்க. நான் நவுந்துக்குறேன்.

எங்க விட்டேன்? ஆங். திருப்பூர் பஸ் ஸ்டாண்டுலயே தரையில போட்டுப் பாத்தேன். ஒரு ஓரமா உக்காந்து, சாக்பீசாலதான். கண்ணு வருது. மூக்கு வருது. உதடு வருது. ஒவ்வொண்ணும் நல்லாத்தான் இருக்கு. சேத்துப் பாத்தா யாரையும் காணும். ஒருத்தன் நின்னு பாத்துட்டு, யாரும்மா இதுன்னான். எனக்குச் சொல்லத் தெரியல. கண்ண மூடி மொதத் தேன்மொழிய நெனைக்கிறேன், இவ வந்து நிக்கிறா. இவளத் தள்ளிட்டுப் பாத்தா வெறும் தண்ணி. வேற ஒண்ணுமில்ல, தண்ணி. தங்கச்சி, மொகம் வரமாட்டேங்குது. நாளைக்கு அவ்வளவு சனம் வரும், பால் குடத்தோட நிக்கும், நான் வெறுந்தரையில எத எழுதுவேன்? மத்தவங்களுக்கெல்லாம் வூட்டுல மாலை போட்ட படம் இருக்கு. எம் புள்ளைக்கு அந்த ஏலக்கூடத்துத் தரை ஒண்ணுதான். ஒரு வருசம் போடாம விட்டேன்னா அவ இருந்தாங்கறதுக்கே அத்தாட்சி இல்லாமப் போயிடும். எங்க வூட்டுக்காரரு வரவும் மாட்டாரு. அன்னைக்கு அவரு பாட்டுக்குக் குழிமேட்டுக்குப் போவாரு, ஒரு கல்லுப் பக்கத்துல குந்தியிருந்துட்டு வந்துடுவாரு. அந்த மனுசனுக்கு அது போதுமா இருக்கு. எனக்குப் போதாது.

தூங்கிட்டாளா? தலை சாயுது பாருங்க, என் தோள்ல சாச்சி விடுங்க. பரவால்ல, பரவால்ல, கனமா ஒண்ணும் இல்ல. என்ன வயசு?

எட்டா.

திருவாரூர் தாண்டியாச்சா? நாகப்பட்டினம் வந்துடும் இப்ப. ரோட்டுலேருந்து எங்க ஊரு பக்கந்தான், ஆட்டோவுல போயிடலாம். இல்ல, சும்மா சொன்னேன். நீங்க இன்னைக்குக் கோயிலப் பாத்துட்டு எங்க தங்குறீங்க? லாட்ஜ் எல்லாம் இன்னைக்குக் கெடைக்காது, கூட்டம். எங்க வூட்டுல தங்கலாமே. சுனாமிக்கப்புறம் கவருமெண்டு கட்டிக் குடுத்த வூடுதான், ஆனா ஃபேன் இருக்கு, பாத்ரூம் இருக்கு. மீன் கொழம்பு வைக்கிறேன். காலையில கொஞ்ச நேரம், அவ்வளவுதான், அதுக்கப்புறம் நீங்க ஊருக்குப் போயிடலாம். புள்ள ஒண்ணும் பண்ண வேணாம். எதுக்க ஒரு நாற்காலி போட்டுடுவேன், சும்மா உக்காந்திருந்தாப் போதும். முட்டாய் வாங்கித் தர்றேன்.

நெத்தியப் பாருங்க. இந்த நெத்தி அப்புடியே இருக்கு. நான்தான் இத்தனை வருசமா நெத்திய அகலமாப் போட்டுட்டேன் போலருக்கு. பதினெட்டு வயசு வரைக்கும் கொண்டுட்டுப் போனதுதான் தப்பு. எட்டுலேயே விட்டிருக்கணும். இப்ப என்ன, திரும்ப எட்டுலேருந்து ஆரம்பிச்சாப் போச்சு. நீங்க வருசா வருசம் வேளாங்கண்ணிக்கு வருவீங்கள்ல? அப்ப வந்து ஒரு நாழி உக்காந்துட்டுப் போனாப் போதும். பேப்பர்ல வரும் தங்கச்சி, டிவியில வரும்.

ஏன் புள்ளைய இழுக்குறீங்க? தூங்குதுல்ல, விடுங்க. நான் என்ன புள்ள புடிக்கிறவளா? ஏன் அவரக் கூப்புடுறீங்க? உக்காருங்க, பேசிக்கிட்டுத்தான இருக்கோம். எந்திரிச்சிட்டியா கண்ணு? பயப்படாத. இஞ்ச என்னப் பாரு. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, வெளிச்சத்துக்கு. ஆங், அப்புடியே இரு. உன் பேரு என்னம்மா?

வேணாம், சொல்லாத. பேரு எங்கிட்ட இருக்கு.